எண்ணெய் எங்கே போகிறது?

பழைய கார் வைத்திருப்பவர் ஒருவருடைய டிக்கியைத் திறந்து பார்த்தால், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், கிழிந்த துணியைச் சுற்றிச் சாயாமல் நிறுத்தி வைத்த, பாதி தீர்ந்துபோன ஓர் எஞ்சின் ஆயில் டப்பா இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். நானூறு ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை பானட்டைத் தூக்கி, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்த்து, குறைந்ததை ஊற்றி நிரப்பிவிட்டுப் புறப்படுவது அவருக்கு நித்திய கர்மம்போல் பழகிவிட்டிருக்கும். ஊற்றுகிற எண்ணெய் எங்கே போகிறது என்ற கேள்வி முதல் மாதத்தில் அவர் மனத்தில் எழாமல் இருந்திராது. ஆனால் இரண்டாவது மாதத்தில் ஏதோ ஒரு பட்டறையில், எஞ்சினை ஸ்டார்ட்டுகூடச் செய்து பாராமல், "ஆயில் குடிக்குது சார், ரிங் போயிருச்சு, எஞ்சினை இறக்கிப் போர் பண்ணிடலாம்" என்று சொல்லியிருப்பார்கள். அதற்கு ஆகும் தொகையைக் கேட்டு மலைத்துப்போய், டப்பா வாங்குவதே மலிவு என்று அவரும் தீர்மானித்திருப்பார். பட்டறைக்காரர் சொன்ன முடிவும் சொந்தக்காரர் செய்த முடிவும் ஒன்றுக்கொன்று நேர் விரோதமானவை என்றாலும், இரண்டுக்கும் அடியில் இருக்கிற குறை ஒன்றே: இருவரும் எதையும் அளந்து பார்க்கவில்லை.

நம் ஊர்களில் கைத்திறமையுள்ள மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஓர் எஞ்சினைக் காலையில் பிரித்து மறுநாள் மாலைக்குள் பூட்டி ஓட்டிக் காட்டக்கூடியவர்கள் ஒவ்வொரு தாலுகா ஊரிலும் இருக்கிறார்கள். பஞ்சம் எங்கே என்றால், நோய் இன்னதென்று கண்டறிவதைத் தனியொரு வேலையாகவும், அந்த வேலையைக் கூலிக்குரியதாகவும் மதிக்கிற பழக்கத்தில்தான். வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்து, மருந்து எதுவும் வேண்டாமென்று அனுப்பினாலும் அவருக்குரிய பீஸைக் கொடுத்துவிட்டு வருகிற நாம், ஒரு மெக்கானிக் இரண்டு மணி நேரம் செலவிட்டுத் தோஷம் ஒரு சின்ன ரப்பர் வளையத்தில்தான் இருக்கிறது என்று சொன்னால், அந்த வளையத்தின் கிரயத்துக்குமேல் கொடுக்க மனமில்லாமல் நிற்கிறோம். எஞ்சினை இறக்கினால் பிழைப்பு உண்டு, காரணத்தைக் கண்டுபிடித்தால் பிழைப்பு இல்லை என்ற நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, அவர் எடுத்ததற்கெல்லாம் எஞ்சினை இறக்குகிறார் என்று குறை கூறுவது நியாயமாகாது.

இந்த அபிப்பிராயத்துக்கு நான் நஷ்டப்பட்டுத்தான் வந்து சேர்ந்தேன். என் தகப்பனார் 1984-இல் வாங்கிய அம்பாஸடர் கார் அவருக்குப் பின் என் கைக்கு வந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, 1950-களின் பிற்பகுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் செய்யத் தொடங்கி, 2014 வரை அதிக மாற்றமில்லாமல் செய்துகொண்டிருந்த அந்த வாகனத்தை இந்த நாட்டில் அறியாதவர் இல்லை. என்னுடையதில் இருப்பது 1489 சி.சி. கொண்ட பி.எம்.சி. பி-ஸீரீஸ் பெட்ரோல் எஞ்சின். முரட்டுத்தனமாக நடத்தினாலும் பொறுத்துக்கொள்கிற, எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடக்கூடிய யந்திரம். பிரிப்பது சுலபமாக இருந்ததே அதற்கு ஆபத்தாக முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஏறக்குறைய 400 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குறைந்துகொண்டிருந்த சமயத்தில், திருச்சியில் ஒரு பட்டறையில் விட்டேன். அவர்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்கள். நானும் அவசரப்பட்டு, எத்தனை நாளாகும், எவ்வளவு ஆகும் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டேன். ரிங்கும் பிஸ்டனும் புதிதாகப் போட்டு, நான்கு சிலிண்டரையும் 20 தௌ, அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், அகலப்படுத்திக் கொடுத்தார்கள். மெதுவாக ஓட்டிப் பழக்கி, 1,500 கிலோமீட்டர் கடந்த பிறகு பார்த்தால், எண்ணெய் முன்போலவே போய்க்கொண்டிருந்தது. சொல்லப்போனால், சற்று அதிகமாகவே போயிற்று.

அப்பொழுதுதான், தொழிலை விட்டுவிட்டுப் பாலக்கரைப் பக்கத்தில் வீட்டோடு இருந்த ஒரு முதிய மிஸ்திரியிடம் நண்பர் ஒருவர் என்னை அழைத்துப்போனார். அவர் பானட்டைத் திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே, "எவ்வளவு குடிக்குதுன்னு எப்படித் தெரியும் தம்பி? எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். நான் எழுதி வைக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னார். சமதரையில் நிறுத்திய காரை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் டிப்ஸ்டிக்கில் பார்த்து, கிலோமீட்டரையும் மட்டத்தையும் ஊற்றிய அளவையும் குறித்துக்கொண்டு, 1,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு வரச் சொன்னார்.

இந்த முதல் காரியத்தில் எத்தனை தவறுகளுக்கு இடமிருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஓடி நின்ற எஞ்சினை உடனே பார்த்தால், எண்ணெயில் ஒரு பகுதி இன்னும் ஹெட்டிலும் சுவர்களிலும் தங்கியிருக்கும். மட்டம் குறைந்ததாகத் தோன்றும். குறைந்ததென்று எண்ணி ஊற்றினால் மேல் கோட்டைத் தாண்டிவிடும். தாண்டிய எண்ணெயை கிராங்க் அடித்துச் சிதறவைக்க, அது சிலிண்டர் சுவரில் அளவுக்கு மீறி ஏறி எரிந்தும் போகும். எண்ணெய் குடிக்கிறது என்று பயந்து ஊற்றியதனாலேயே எண்ணெய் குடிக்கிற எஞ்சின்களும் உண்டு. இதற்கு நேர்மாறாக, கடைத்தெருவரைக்கும் கோயில்வரைக்கும் மட்டுமே போய்வருகிற காரில், எஞ்சின் முழுச் சூடு ஏறாமலே நின்றுவிடுவதால், எரியாத பெட்ரோல் கொஞ்சங் கொஞ்சமாக எண்ணெயில் கலந்து, குறைந்த அளவை ஈடுசெய்து, மட்டம் மாறவேயில்லை என்று ஏமாற்றும். பிறகு ஒரு நாள் மதுரைவரை பிரயாணம் போய்வந்தால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிட, ஒரே நாளில் அரை லிட்டர் காணாமற்போன மாதிரி இருக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தால் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். எண்ணெயே குறையாத எஞ்சின் கிடையாது என்பதும் நினைவில் இருக்கவேண்டிய விஷயம். சில ஐரோப்பிய உற்பத்தியாளர்களின் கையேடுகள் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்வரை குறைவதைக்கூட ஏற்கத்தக்க எல்லைக்குள் வைக்கின்றன. ஆகவே, எவ்வளவு என்ற எண் கையில் இல்லாதவன் நோய் இருக்கிறதா என்பதையே நிச்சயிக்க முடியாது.

நோட்டுப் புத்தகத்தோடு திரும்பிப் போனபோது, எண்ணெய் வெளியே போகிறதா, உள்ளே எரிகிறதா என்று பிரிப்பதை அவர் இரண்டாவது காரியமாக வைத்துக்கொண்டார். எஞ்சினை மண்ணெண்ணெய்விட்டுக் கழுவி உலர்த்தி, மூட்டுகளில் எல்லாம் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவி, இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். இரவில் காருக்கடியில் பழைய செய்தித்தாளை விரிக்கச் சொன்னார். ஒழுகலை அலட்சியம் செய்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒரு மில்லிலிட்டரில் சுமார் முப்பது துளி என்று வைத்துக்கொண்டாலும், ஓடும்போது இருபது மீட்டருக்கு ஒரு துளி விழுந்தால், 1,000 கிலோமீட்டரில் ஒன்றரை லிட்டருக்குமேல் சாலையில் போய்விடும். நின்ற இடத்திலோ, சூடு ஆறியபின், ஒரு துளிகூட விழாமல் இருக்கலாம். அன்றியும், ஓடுகிற காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போவதால், ஈரம் காண்கிற இடம் ஒழுகுகிற இடமாகாது. நனைந்த பகுதியில் எது எல்லாவற்றிற்கும் மேலாகவும் முன்னாகவும் இருக்கிறதோ, அங்கிருந்துதான் தேட வேண்டும்.

என் காரில், எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேருகிற இடத்தில் ஈரம் இருந்தது. அந்தப் பழைய பி-ஸீரீஸ் எஞ்சினில் கிராங்க்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் இல்லை. தண்டிலேயே வெட்டியிருக்கிற சுருள் வரி, சுழலும்போது எண்ணெயை உள்நோக்கித் திருப்பி அனுப்புகிற ஏற்பாடுதான் உண்டு. உள்ளே அழுத்தம் சேராதவரை அது போதும். ரிங் எவ்வளவு புதியதாக இருந்தாலும், எரிந்த வாயு கொஞ்சம் அதைத் தாண்டிக் கீழே இறங்குவது இயற்கை. அது வெளியேறுவதற்காகவே ப்ரீதர் குழாய் வைத்திருக்கிறார்கள். மிஸ்திரி அந்தக் குழாயைக் கழற்றிக் கம்பியைவிட்டுக் குத்தியபோது, எத்தனையோ வருஷத்துக் கசடு, கரிய அல்வாப்போல் உருண்டு விழுந்தது. மூச்சுவிட வழியில்லாத எஞ்சின் தன்னுள் சேர்ந்த அழுத்தத்தினால் ஒவ்வொரு மூட்டின் வழியாகவும் எண்ணெயை வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. பட்டறையில் பேக் கம்ப்ரஷன் என்று சொல்லி, உடனே ரிங்கின்மேல் பழியைப் போடுவார்களே, அதற்கு முன் இந்தக் குழாயைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அரை மணி நேரமும் ஒரு கம்பித் துண்டும்தான் செலவு.

அதனால் ஒழுகல் நின்றது. ஆனால் கணக்குப்படி பாதிக் குறைவு இன்னும் மிச்சம் இருந்தது. அது எரிந்துதான் போகிறது என்பதற்குப் புகை சாட்சி. புகையின் நிறத்தைப் பற்றிப் பலருக்கும் தெரியும்: பெட்ரோல் மிகுந்தால் கறுப்பு, தண்ணீர் கலந்தால் வெண்மை, எண்ணெய் எரிந்தால் நீலம். ஆனால் நிறத்தைவிட முக்கியம் அது தோன்றுகிற சமயம். மிஸ்திரி என்னைக் கொல்லிமலைக்கு ஒரு முறை போய்வரச் சொன்னார், பின்னால் வேறொரு வண்டியில் ஒருவரைக் கவனித்துக்கொண்டு வரச் சொல்லி. எழுபது கொண்டைஊசி வளைவுகளையும் ஏறுகையில், எஞ்சின் முழுப் பாரத்தில் முனகிக்கொண்டு இழுத்தபோதெல்லாம், சைலன்சரில் புகை இல்லை. இறங்குகையில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரிலேயே வந்து, அடிவாரத்தில் காரவள்ளியைக் கடந்து சமவெளியில் மறுபடியும் அழுத்தியபோது, பின்னால் வந்தவர் சாலையே தெரியவில்லை என்று சொல்லும்படியாக ஒரு நீல மேகம் எழுந்து, சில விநாடியில் மறைந்தது.

காரணம் இதுதான். காலை எடுக்கும்போது காற்று நுழைகிற வாயில் அடைபட, பிஸ்டன்களோ உறிஞ்சிக்கொண்டே இருக்க, உட்செல்லும் குழாயில் பலமான வெற்றிடம் உண்டாகிறது. வால்வின் தண்டு ஏறியிறங்கும் கைடு தேய்ந்திருந்தாலும், தண்டின்மேல் உள்ள ரப்பர் வளையம் சூட்டில் காய்ந்து இறுகிப்போயிருந்தாலும், ஹெட்டில் தேங்கியிருக்கிற எண்ணெயை அந்த வெற்றிடம் அவ்வழியே உறிஞ்சிக்கொள்கிறது. மறுபடி அழுத்தியதும் எல்லாம் ஒருங்கே எரிகிறது. இரவெல்லாம் நின்ற கார் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலமாகப் புகைவதும் இந்த வகைதான். ரிங் தேய்ந்த எஞ்சினோ ஏற்றத்தில், பாரத்தில், அழுத்த அழுத்தப் புகையும், நிற்காமல் புகையும். என் கார் ஏறும்போது சுத்தமாக இருந்து இறங்கியபின் புகைந்தது என்றால், தோஷம் ஹெட்டில் இருந்ததே தவிரச் சிலிண்டரில் இல்லை. பட்டறையில் ஹெட்டைத் தொடவே இல்லை. புதிய ரிங்கினால் எஞ்சின் இன்னும் பலமாக உறிஞ்சத் தொடங்கியதனால், தேய்ந்த கைடு வழியாக இறங்குகிற எண்ணெய் முன்னைவிட அதிகமாயிற்று. வேலைக்குப் பிறகு குறைவு கூடியதன் ரகசியம் அதுவே.

அனுமானத்தோடு நிற்காமல் அதை உறுதி செய்துகொள்ளவும் அவர் தவறவில்லை. எஞ்சின் சூடாக இருக்கையில் நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். எல்லாம் ஒரே மாதிரி நனைந்து கறுத்திருந்தால் பொதுக் காரணம், ஒன்று மட்டும் என்றால் அந்தச் சிலிண்டரின் சொந்தக் காரணம் என்றார். இரண்டு பிளக்கில்தான் எண்ணெய்க் கசிவு கண்டது. பிறகு ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு துவாரத்திலும் கேஜை வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றி, கம்ப்ரஷனை எழுதிக்கொண்டார். நான்கிலும் ஏறக்குறைய 140 பவுண்டு. அதிக வித்தியாசம் இல்லை. குறைவாகக் காட்டுகிற சிலிண்டர் இருந்தால், ஒரு தேக்கரண்டி எண்ணெயை உள்ளே விட்டு மறுபடியும் அளக்க வேண்டுமாம்; முள் மேலே ஏறினால் ரிங்கின் குற்றம், அசையாவிட்டால் வால்வின் குற்றம். ஆயினும் இந்தப் பரீட்சைக்கும் ஓர் எல்லை உண்டு. கம்ப்ரஷனைத் தாங்குபவை மேல் ரிங்குகள்; சுவரிலுள்ள எண்ணெயை வழித்துக் கீழே அனுப்புவது அடியிலுள்ள ஆயில் ரிங். கரி படிந்து ஆயில் ரிங் காடியிலேயே ஒட்டிக்கொண்டாலோ, அதன் சிறு துவாரங்கள் அடைபட்டாலோ, கம்ப்ரஷன் எண் அழகாக இருக்கும், எண்ணெய் போய்க்கொண்டுதான் இருக்கும். ஒரே கருவியை நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்காகவே நோட்டு, செய்தித்தாள், மலைச் சாலை, பிளக், கேஜ் என்று இத்தனை சாட்சிகளை அவர் விசாரித்தார்.

கைடுகளை லேத் பட்டறையில் மாற்றி, வால்வுகளை உட்காரவைத்து, ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போட்டதும் நோய் தீர்ந்தது. செலவு, முதல் வேலைக்கு நான் கொடுத்ததில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பணம் போனதைவிட எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் வேறு. சிலிண்டரிலிருந்து ஒரு முறை சீவி எடுத்த இரும்பு திரும்பி வராது. இந்த எஞ்சினுக்கு 40 தௌவரையில்தான் ஓவர்சைஸ் பிஸ்டன். அதற்குமேல் ஸ்லீவ் அடித்துத்தான் காலம் தள்ள வேண்டும். என் தகப்பனார் வருஷக்கணக்காகப் பாதுகாத்து வைத்திருந்த ஆயுளில் பாதியை, ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாராத குற்றத்துக்காக, நான் ஒரே வாரத்தில் செலவழித்துவிட்டேன்.

மிஸ்திரிக்குக் கூலி கொடுக்கப் போனபோது அவர் வாங்க மறுத்தார். "வேலை ஒண்ணும் செய்யலியே தம்பி, பாத்துத்தானே சொன்னேன், அதுக்கென்ன காசு?" என்றார். நான் வற்புறுத்திக் கொடுத்தேன் என்றாலும், அந்த வார்த்தை என் மனத்தை விட்டு நீங்கவில்லை. ஐம்பது வருஷத்து ஞானத்தை உடைய ஒருவரே அந்த ஞானத்துக்கு விலையில்லை என்று நம்பும்படி நாம் அவரைப் பழக்கியிருக்கிறோம். சென்னைச் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொழிற்சாலை 1949-இல் தொடங்கப்பட்டது. பிஸ்டனையும் ரிங்கையும் நாமே செய்யத் தெரிந்துகொண்டு எழுபது ஆண்டுகளுக்குமேல் ஆகிறது. அந்த ரிங் தேவைதானா என்று அளந்து சொல்கிறவருக்கு மட்டும் இன்னும் கூலி நிர்ணயமாகவில்லை.

ரிங் உண்மையாகவே தேய்ந்துபோகிற எஞ்சின்கள் ஏராளம் என்பதை நான் மறுக்கவில்லை. புழுதிச் சாலையில் ஏர் பில்டரைக் கவனியாமல் ஓட்டிய கார்களில், சிலிண்டரின் மேல்முனையில் விரல் நகத்துக்குத் தட்டுப்படுகிற விளிம்பு எழுந்து, நான்கு பிளக்கும் நனைந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று அடிக்கும். அங்கே போர் செய்வதே சரியான சிகிச்சை. ஹெட்டையும் கூடவே பார்த்துவிட வேண்டும். எண்களைக் கண்டபிறகு செய்கிற வேலைக்கு யார் ஆட்சேபம் சொல்வார்கள்?

ஊற்றிக்கொண்டே ஓட்டலாம் என்று சமாதானம் கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டாஷ்போர்டில் இருக்கிற சிவப்பு விளக்கு எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டுவது, அளவைக் காட்டுவதன்று. வளைவில் பம்பு காற்றை உறிஞ்சி அந்த விளக்கு எரிகிற சமயத்தில், பேரிங்குகளுக்குக் காயம் பட்டு முடிந்திருக்கக்கூடும். கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள கார்களில், எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ் அதன்மேல் படிந்து அதைச் செயலறச் செய்யும். எல்லாவற்றிற்கும் மேலாக, பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவரும் பஸ் நிறுத்தத்தில் குழந்தையோடு நிற்கிறவரும் அந்த நீலப்புகையைச் சுவாசிக்கிறார்கள். நிறுத்தி வைத்த காரின் ஐட்லிங் புகையை அளக்கிற சான்றிதழ்ச் சோதனையில், மலையிறங்கியபின் எழுகிற மேகம் தென்படாமலே போகலாம்; சான்றிதழ் கையில் இருப்பதால் பொறுப்புத் தீர்ந்துவிடாது.

பதினைந்து வருஷம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது முதல், எண்ணெய் குடிக்கிறது என்ற ஒரு சொல்லே பல நல்ல கார்களைக் காயலான் கடைக்கு அனுப்பப் போதுமானதாகிவிட்டது. இதற்குப் பட்டறைச் சங்கங்கள் செய்யக்கூடிய உபகாரம் ஒன்று உண்டு: சர்வீஸுக்கு இவ்வளவு, பிரேக் வேலைக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கிற பலகையில், பரிசோதனைக்கு இவ்வளவு என்று ஒரு வரியைச் சேர்ப்பது. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பை முடித்து வருகிற பிள்ளைகளுக்கு கேஜ் பிடிக்கத் தெரியும். அதற்குக் காசு உண்டு என்றால் மறக்கவும் மாட்டார்கள். சொந்தக்காரர்கள் செய்யவேண்டியது இன்னும் சுலபம். எஞ்சினைத் திறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் ஒரு காகிதத்தில் எழுதித் தரும்படியும், ப்ரீதரைக் கழற்றிக் காட்டும்படியும் மரியாதையாகக் கேட்டு, அந்த வேலைக்கு அவர் சொல்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, காகிதத்தை வாங்கிக்கொண்டு அன்றைக்குக் காரை வீட்டுக்கு ஓட்டிவந்துவிடலாம்; இறக்குவதா வேண்டாமா என்பதை மறுநாள் காலையில், டிப்ஸ்டிக்கை ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொண்டபிறகு பேசலாம்.